ரயிலுக்கு அரை லிட்டர் ஸ்பிரிட்

என்னுடைய நீராவி எஞ்சின் ஒரு முழ நீளம் இருக்கும். செம்பில் கொதிகலன், பித்தளையில் சிலிண்டர், வார்ப்பிரும்பில் சக்கரம். உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தால் பத்து நிமிடத்தில் ஆவி ஏறும். ஏறினால் ஓடும். அந்த ‘ஏறினால்’ என்பதில்தான் என்னுடைய மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்து போயின.

விருத்தாசலத்தில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டிருப்பது தனித் தலைவலி. ஜங்ஷன் ஊர். தெருவுக்கு நாலு வீட்டில் ரயில்வே பென்ஷன் வரும். மொட்டைமாடியில் நான் போட்டிருந்த வட்டத் தண்டவாளத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “உங்க அப்பா லோகோவுல இருந்தாரா?” என்பதுதான். என் அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். ரயிலில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். அடுத்த கேள்வி, “பேட்டரியா?” அதற்கு அடுத்தது, “இதால என்னா பிரயோஜனம்?” நான் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்ததும், “பொம்மை நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். பொம்மை இல்லைங்க, நிஜமான கொதிகலன், நிஜமான அழுத்தம், கை வைத்தால் நிஜமாகவே வெந்துபோகும் என்று மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வேலை செராமிக் எஸ்டேட்டில், ஒரு கம்பெனியில் அச்சுப் பிரிவு மேற்பார்வை. வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு ஃப்யூஸ் கட்டை இருக்குமே, அதுதான் எங்கள் சரக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே அளவு, ஒரே வெள்ளை. ஒன்றுகூட அசையாது. அசையாமல் இருப்பதுதான் அதன் குணம். அசைகிற பொருள் ஒன்றையாவது கையால் செய்துவிட வேண்டும் என்று எனக்கு எப்போது தோன்றியது என்று நினைவில்லை. தோன்றிய நாளிலிருந்து நிம்மதி இல்லை என்பது மட்டும் தெரியும்.

கூட்டாளி ஒருவர் உண்டு. மங்கலம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். கத்தாரில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பல வருடம் பாய்லர் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடைசல் மிஷின் வைத்திருக்கிறார். செம்புக் கொதிகலனுக்கு வெள்ளிப் பற்று வைத்தவர் அவர்தான். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நட்டைக் கண்டாலும் இன்னும் அரைச் சுற்று முறுக்காமல் அவர் கை நிற்காது. “பாய், போதும் பாய்” என்றால், “கத்தாருல நான் பாத்த பாய்லரு இந்த வூடு ஒசரம்ணே. இது எனக்கு ஜுஜுபி” என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே முறுக்கி இரண்டு மரையை அழித்திருக்கிறார்.

சோதனை ஓட்டங்களுக்கு அவர் கடையில் பழைய ஸ்பிரிட் டின் ஒன்று இருந்தது. அது தீர்ந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. விஷச் சாராயச் சாவுச் செய்திகள் பேப்பரில் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஸ்பிரிட் வாங்குவது லேசான காரியம் இல்லை. “அந்த ஐட்டமே வேணாம்ணே. நோட்டு போட்டு எழுதணும், கேள்வி கேப்பாங்க” என்று பாய் அதை வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டார். என் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், முதலுதவிப் பெட்டிக்கு வாங்கும் கடையிலிருந்து காயத்துக்குப் போடும் ஸ்பிரிட் ஒரு புட்டி வாங்கி வந்தாள். அதில் விளக்கெண்ணெய் கலந்திருந்தது. திரி முழுக்கப் பிசின் பிடித்து, கொதிகலன் அடி கரிச்சட்டி ஆனது. தேய்த்துக் கழுவ ஒரு ஞாயிறு முழுதும் போயிற்று.

கடைசியில் மர பாலிஷ் சாமான் விற்கும் ஒரு கடையில் கேட்டேன்.

“எவ்ளோ வேணும்?”

“அரை லிட்டர்.”

“எந்த ஊர்ல பாலிஷ் வேலை?”

“பாலிஷ் இல்லைங்க. ரயிலுக்கு.”

கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பாலிஷுக்கு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து எனக்கு எஞ்சினைப் பற்றி விளக்க ஆசை வந்துவிட்டது. ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் ஆதார் அட்டையைக் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பேர், விலாசம் எல்லாம் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் புட்டியைக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியிருப்பேன், வாசலில் பைக் நின்றது. ஏட்டையா ஒருவர். நல்ல உயரம், நிதானமான குரல்.

“ஸ்பிரிட் வாங்கினது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

“எத்தினி லிட்டரு வச்சிருக்கீங்க?”

“அரை லிட்டர். ரயிலுக்குங்க.”

எதிர்வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டையர்டு ரயில்வே கார்டு எழுந்து வந்தார். சர்வீஸ் முழுக்க ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்தவர். எஞ்சின் பக்கமே போகாதவர், ஆனால் என் எஞ்சினைப் பற்றி வாரம் ஒரு யோசனை சொல்லுவார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஏட்டையாவிடம், “சார் ரொம்ப நல்ல மனுசனுங்க. தானுண்டு வேலையுண்டுன்னு இருப்பாரு. மூணு வருசமா மாடியில காய்ச்சிக்கிட்டுதான் இருக்காரு, ஒருத்தருக்கும் தொந்தரவு கெடையாது” என்றார்.

“காய்ச்சுறாரா?” என்றார் ஏட்டையா.

“செம்புலதான் காய்ச்சுவாரு. நல்லா ஆவி வரும்.”

என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “மேல கூட்டிட்டுப் போயி ஓட்டிக் காட்டுங்களேன். வாசல்ல நின்னு எதுக்குப் பேசிக்கிட்டு?” என்றாள். சரியான யோசனைதான். ஏட்டையாவும், “ஓட்டிக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிடுறேன்” என்றார்.

மாடியில் பத்தரை மணி வெயில். பாய் அன்றைக்குக் காலையிலேயே வந்து, ஓட்டத்துக்கு எஞ்சினைத் தயார் செய்கிறேன் என்று மேலே உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையைக் கண்டதும் எழுந்து நின்று, “எல்லாம் ரெடிண்ணே. தண்ணி ஃபுல்லு” என்றார். ஃபுல் என்ற சொல்லை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். கொதிகலனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவிக்கு இடம் வேண்டும்.

விளக்கில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தேன். வெயிலில் ஸ்பிரிட் எரிவது கண்ணுக்குத் தெரியாது. நான் இரண்டு தடவை சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்ட விஷயம் அது. ஏட்டையாவுக்கு எப்படித் தெரியும்?

“பத்தவே இல்லியே” என்று குனிந்தார்.

“சார், கை வைக்காதீங்க!”

வைத்துவிட்டார். சத்தம் போடவில்லை. விரலை உதறிவிட்டு, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். கார்டு, “அதுதான் ஸ்பிரிட்டு. கண்ணுக்குத் தெரியாது” என்று அவருக்கு விளக்கம் சொன்னார்.

பத்து நிமிடம் எல்லாரும் சுற்றி நின்றோம். அழுத்தமானியின் முள் மெதுவாக ஏறியது. பாதுகாப்பு வால்வு லேசாகச் சீறியது. அந்தச் சீறலைக் கேட்டால் எனக்கு எப்போதும் நெஞ்சு நிமிரும். ‘இதோ பாருங்க சார்’ என்று சொல்லி ஆவியைத் திறந்தேன். ஆவி வரவில்லை, தண்ணீர் வந்தது. கழுத்து வரை நிரப்பியிருந்த கொதிநீர் எண்ணெயோடு கலந்து புகைபோக்கி வழியாகப் பீச்சி அடித்தது. ஏட்டையா ஒரு எட்டு பின்னால் போனார், ஆனாலும் சட்டையின் முன்பக்கம் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. எஞ்சின் இரண்டு அங்குலம் நகர்ந்தது. நின்றது. நான் தள்ளிவிட்டேன். மறுபடியும் இரண்டு அங்குலம். நின்றது.

“ஏறும்ணே, ஏறும். இன்ஷா அல்லா ஓடும்” என்றார் பாய்.

ஓடவில்லை. விளக்கு தீர்ந்து அணைந்தது.

ஏட்டையா கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்குக் காலையில இதையும் எடுத்துக்கிட்டு, அந்தப் புட்டியையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. மேடம் பாக்கட்டும். நான் பாத்து சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

அவர் போனதும் எனக்கும் பாய்க்கும் நடந்த சண்டையை எழுதப் போவதில்லை. ஏன் முழுசாகத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்றால், வெயிலுக்குச் சீக்கிரம் வற்றிவிடும் என்று பார்த்தேன் என்கிறார். மூடியிருக்கிற கொதிகலன் பாய் அது, குளம் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டை மறந்து எஞ்சினைப் பிரித்தோம். பிஸ்டன் தண்டைச் சுற்றி ஆவி கசியாமல் இருக்க ஒரு நூல் சுற்றி, மேலே ஒரு நட்டைப் போட்டு இறுக்குவார்கள். அந்த நட்டை அவர் இறுக்கிய இறுக்கில் தண்டு அசைய வழியே இல்லை. என்னால் விரலால் தள்ள முடியவில்லை, இத்தனூண்டு ஆவி எப்படித் தள்ளும்?

“கசியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார்.

“கசியுதுன்னு சொன்னேன். நெரிக்கச் சொல்லல.”

கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அப்புறம் அவரே நட்டைத் தளர்த்தி, பழைய நூலைப் பிடுங்கி, புதிதாகச் சுற்றினார். ஒருமணி நேரம் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே மற்ற நட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். போகும்போது, “நாளைக்கு நானே பைக்ல வந்து கூட்டிட்டுப் போறேன். ஒங்களத் தனியா வுட மாட்டேன்” என்றார். கடையைத் திறக்காமல் வருகிறேன் என்கிற மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது?

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ரயில் ஓட்டப் போகிறேன் என்று எப்படிச் சொல்ல? வயிற்று வலி என்றேன். ஃப்யூஸ் கட்டை அடுக்கும் அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி எஞ்சினை வைத்தேன். பாய் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் இருக்கும் பாலக்கரை வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே சக்கரம் ‘கிலுங்’ என்றது.

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. ஒரு பெண். முப்பது வயது இருக்கும். எங்களுக்கு முன்னால் வாய்க்கால் தகராறு என்று நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். என் முறை வந்ததும் ஏட்டையா பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தார். விரலில் சின்னதாக பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“இதான் மேடம் அந்த ரயிலு.”

தண்டவாளத்தைக் கொண்டுபோக முடியாது. இரண்டு மரக்கட்டைமேல் எஞ்சினைத் தூக்கி வைத்தேன், சக்கரங்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி. முக்கால் பங்கு தண்ணீர், நானே ஊற்றினேன். நிழலில் சுடர் நீலமாகத் தெரிந்தது. “இன்னிக்கித் தெரியுது பாருங்க” என்றார் ஏட்டையா எல்லாருக்கும் பொதுவாக.

முள் ஏறியது. திறந்தேன். ஒரு தரம் துப்பியது, அப்புறம் சக்கரம் பிடித்துக்கொண்டது. மூன்று வருடத்தில் அது அப்படிச் சுழன்று நான் பார்த்ததில்லை. தண்டுகள் முன்னும் பின்னும் போய்வர, புகைபோக்கியிலிருந்து சுக் சுக் என்று வெள்ளையாக ஆவி வர, மேஜைக் கண்ணாடி அதிர்ந்தது. எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவை மூடினார். வாய்க்கால் அண்ணனும் தம்பியும் எழுந்து வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பாய் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

எஸ்.ஐ. கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “சுத்துது சரி. ஆனா எங்கயும் போவலியே?”

“தண்டவாளத்துல வச்சா போகும் மேடம்.”

“நேத்து தண்டவாளத்துல வச்சும் போவலைன்னு இவரு சொல்றாரு?”

பதில் சொல்ல வாயைத் திறந்த பாயை நான் காலால் மிதித்தேன்.

கடைசியில் ஒரு எழுத்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஸ்பிரிட்டை ரயில் ஓட்ட மட்டுமே பயன்படுத்துகிறேன் என்று எழுதினேன். ரைட்டர் படித்துப் பார்த்துவிட்டு, “ரயிலுன்னு எழுதினா ரயில்வே போலீஸுதானே சார் பாக்கணும்? நாளைக்கு ஆபீசுல யாராவது கேட்டா நாங்க என்னா சொல்றது?” என்றார்.

“சின்ன ரயில்னு போடட்டுங்களா?”

“சின்னதுன்னாலும் ரயிலுதானே? பொம்மை ரயிலுன்னு போடுங்க.”

“இது பொம்மை இல்லைங்க. உள்ள நிஜமான...”

“அண்ணே” என்றார் பாய். “போடுங்கண்ணே. வூட்டுக்குப் போவலாம்.”

போட்டேன். என் கையாலேயே, தெளிவான எழுத்தில், பொம்மை ரயில் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எஸ்.ஐ. வாங்கிக்கொண்டு, நல்ல பொழுதுபோக்கு, ஜாக்கிரதையாகச் செய்யுங்கள் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் புட்டி இங்கேயே இருக்கட்டும், வேறு ஏதாவது வைத்து ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒருவழியாக எஞ்சின் ஓடியது, இப்போது எரிக்க ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது பைக்கில் பாய், “எப்பிடி சுத்துச்சு பாத்தீங்களாண்ணே” என்று மூன்று தரம் சொன்னார்.

மிச்சம் இருந்த வழி கேஸ். லைட்டருக்கு நிரப்பும் சின்ன கேஸ் டப்பா எந்த ஃபேன்சி கடையிலும் கிடைக்கும், ஆதார் அட்டை கேட்க மாட்டார்கள். ஆனால் அது எரிவதற்குப் பொடி ஓட்டைகள் போட்ட பீங்கான் தகடு ஒன்று வேண்டும். பீங்கான்தானே, நமக்குத் தெரியாததா என்று நினைத்தேன். கம்பெனி மண்ணையே எடுத்துத் தகடு தட்டி, ஊசியால் ஓட்டைகள் குத்தி, சூளை வண்டியின் ஒரு மூலையில் வைத்து அனுப்பினேன். இத்தனை வருடமாக இந்த மண் வெந்தால் எவ்வளவு சுருங்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். என் தகடு சுருங்கி ஓட்டைகள் எல்லாம் அடைத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது தகடு நடுவில் விரிசல் விட்டது. மூன்றாவது, வளைந்துபோய் அப்பளம் மாதிரி இருந்தது. முதலாளி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “வயித்து வலி இப்ப தேவலைங்களா?” என்று கேட்டார். எனக்கு முன்னாலேயே கம்பெனிக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஐந்தாவது தகடு தேறியது. பாய் அதற்குக் குழாய் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவாக முறுக்கினார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு தனியாக மாடியில் வைத்துப் பற்றவைத்தேன். தகடு முழுக்கச் செக்கச் சிவந்து எரிந்தது. ஆவி ஏறியது. திறந்தேன். எஞ்சின் கிளம்பியது. வட்டத்தை ஒரு சுற்று முடித்தது. இரண்டாவது. மூன்றாவது. நான் தொடவே இல்லை. பதினோரு சுற்று ஓடி, கேஸ் தீர்ந்து, நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்து தானாக நின்றது. எதிர்வீட்டு மாடியிலிருந்து கார்டு, “ஸ்பீடு பத்தலியே சார்!” என்று கத்தினார். காதில் விழாத மாதிரி குனிந்துகொண்டேன். கண் கலங்கியிருந்தது அவருக்குத் தெரிய வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

காய்ந்த துணியை எடுக்க வந்த என் மனைவி கடைசி நாலு சுற்றைப் பார்த்திருக்கிறாள். துணிமூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அவ்ளோதானா?”

“சூடு ஆறணும். அப்புறம்தான் தண்ணி ஊத்த முடியும். இருபது நிமிசம் ஆவும்.”

“சரி, அரிசி களைஞ்சி வச்சிட்டு வரேன்” என்று இறங்கிப் போனாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். மறுபடி கேஸ் நிரப்பி, தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்தேன். எஞ்சின் நன்றாகத்தான் கிளம்பியது. நாலாவது சுற்றில், மேற்கே திரும்பும் வளைவில், காற்று ஒரு வீச்சு வீசியது. அடுப்பு பொக்கென்று அணைந்தது. எஞ்சின் இன்னும் நாலு அடி தவழ்ந்து நின்றுவிட்டது.

“என்னாங்க இது!” என்று அவள் எழுந்துவிட்டாள். “நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சே! அந்த எடத்துல ஒரு மறைப்பு வைக்க வேணாமா? இது கூடவா தோணாது?”

மூன்று வருடமாக அந்த எஞ்சினிடம் நான் மட்டும்தான் இப்படிக் கத்திக்கொண்டிருந்தேன். தீப்பெட்டியைத் தேடினேன். அவள் கீழே போய் அரிசி டிரம்மின் தகர மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து, வளைவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்றுக்கு எதிரே அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ம், பத்த வைங்க.”